சிட்ரஸ் சைலாவை தட்டிப் பாத்து எண்ணுறது எப்படி

சிட்ரஸ் சைலாங்கிற பூச்சி ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி மரங்களுக்கு பரப்புற கிரீனிங் நோயை இலையை பாத்தே கண்டுபிடிச்சிடலாம்னு நினைச்சு நானும் ரொம்ப நாள் ஒவ்வொரு மரமா இலையையே உத்து உத்து பாத்துட்டு இருந்தேன், அதுல எவ்வளவு நாள் வீணாச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. கிருமி உள்ள போனதுக்கு அப்புறம் மரம் அறிகுறி காட்ட 6 மாசம் ஆகலாம், 2 வருஷம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். அதுவரைக்கும் மரம் பச்சைப்பசேல்னு நிக்கும், நாமளும் நிம்மதியா இருப்போம். ஆனா 2015ல வெளிவந்த ஒரு ஆய்வுல என்ன சொன்னாங்கன்னா, கிருமி ஏறின இளந்துளிர் கிட்டத்தட்ட 15 நாளுக்குள்ளயே அதுல வளர்ற அடுத்த தலைமுறை பூச்சிக்கு நோயை கொடுக்க ஆரம்பிச்சிடுது. அதாவது மரம் வாயைத் திறக்கறதுக்குள்ள பூச்சி பல தலைமுறையா நோயை சுமந்துட்டு ஊரைச் சுத்தியிருக்கும்.

அதனால பாக்க வேண்டியது மரத்தை இல்ல, முதல்ல பூச்சியை. சிட்ரஸ் சைலான்னு சொல்ற அந்த சின்ன சாறு உறிஞ்சிப் பூச்சியை எப்படி தேடுறது, எப்படி எண்ணுறது, எப்படி பத்திரப்படுத்தி டெஸ்ட்டுக்கு அனுப்புறதுன்னு எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

பூச்சி முதல்ல, நோய் பின்னாடி, இதுதான் எல்லா இடத்துலயும் நடந்திருக்கு. ஃபுளோரிடாவுல 1998ல பூச்சியை பாத்தாங்க, நோயை பாத்தது 2005ல. கலிஃபோர்னியாவுல பூச்சி 2008, நோய் 2012. பிரேசில்ல பூச்சி 1940கள்லயே இருந்துச்சு, நோய் 2004லதான் தெரிஞ்சுது. ஃபுளோரிடாவுல 2003-04 சீசன்ல 24 கோடி பெட்டிக்கு மேல ஆரஞ்சு எடுத்தவங்க 2022-23ல சுமார் 1 கோடியே 60 லட்சம் பெட்டிதான் எடுத்தாங்க. அந்த வருஷம் புயலும் சேந்து அடிச்சுதுங்கிறது உண்மைதான், ஆனா அதுக்கு முன்னாடியே பல வருஷமா மரத்தை தின்னுட்டு இருந்தது இந்த நோய். நம்ம நாட்டுலயும் இது புதுசு இல்ல, இந்தப் பூச்சி பஞ்சாப்ல செய்யற சேதத்தை பத்தி 1927லயே எழுதி வெச்சிருக்காங்க, கிரீனிங்கை பரப்புறது சைலாதான்னு கபூர், ராவ், விஸ்வநாத்ங்கிற மூணு ஆராய்ச்சியாளரும் 1967ல காட்டினாங்க.

பூச்சியை அடையாளம் தெரிஞ்சுக்கறது

வளர்ந்த சைலா 3 மில்லிமீட்டர்ல இருந்து 4 மில்லிமீட்டர்தான் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு எள்ளு. நிறம் பழுப்பு, மேல மாவு தூவின மாதிரி லேசா வெள்ளையா இருக்கும். இதை எல்லாத்தையும் மறந்தாலும் ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, அது உக்கார்ற விதம். தலையை இலையில ஊனிட்டு பின்பக்கத்தை சுமார் 45 டிகிரிக்கு தூக்கிட்டு உக்காந்திருக்கும், சின்ன முள்ளு ஒண்ணு இலையில சாய்வா குத்தி நிக்கிற மாதிரி. அசுவினி அப்படி உக்காராது, தத்துப்பூச்சியும் அப்படி உக்காராது, வெள்ளை ஈ தொட்டா மாவு மாதிரி பறந்திடும். லென்ஸ்ல பாத்தா ரெக்கையோட வெளிப்பாதி ஓரத்துல ஒரு பழுப்பு பட்டை ஓடும், நுனிகிட்ட வரும்போது அந்த பட்டை கொஞ்சம் விட்டுப்போயிருக்கும், மீசையோட நுனி கருப்பு. ஆண் பெண் பிரிக்கணும்னா வயித்தோட கடைசியை பாருங்க, பெண்ணுக்கு கூர்மையா இருக்கும், ஆணுக்கு மொட்டையா மேல் பக்கம் வளைஞ்சிருக்கும். வயிறு ஆரஞ்சா இருக்கற பெண் பூச்சி பெரும்பாலும் முட்டையோட இருக்கும்.

குஞ்சுங்க வேற மாதிரி. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தட்டையான உடம்பு, சிவப்பு கண்ணு, ரெண்டு பக்கமும் ரெக்கை மொட்டு துருத்திட்டு இருக்கும். 5 பருவம் தோலுரிக்கும். வெள்ளையா சுருள் சுருளா மெழுகு நூல் ஒண்ணு பின்னாடி விடும் பாருங்க, அது துளிர்ல தொங்கினா தூரத்துல இருந்தே தெரியும், எனக்கு பல தடவை அந்த நூலைப் பாத்துதான் குஞ்சு இருக்கறதே தெரிஞ்சிருக்கு. தேன் மாதிரி ஒட்டுற கழிவும் விடும், அது மேல கரும்பூசணம் படரும், எறும்பும் வரும்.

முட்டை 0.3 மில்லிமீட்டர், பாதாம் வடிவம், போட்டப்போ வெளிர் மஞ்சள், பொரியற நேரத்துல ஆரஞ்சு. இதை வெறும் கண்ணால தேடாதீங்க, 10 மடங்கு பெரிசா காட்டுற கை லென்ஸ் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

எப்போ பாக்கணும்

துளிர், துளிர், துளிர். இந்தப் பூச்சியோட மொத்த வாழ்க்கையும் துளிரை சுத்திதான். பெண் பூச்சி முட்டை போடறது இன்னும் விரியாத இளங்கொழுந்தோட மடிப்புக்குள்ள மட்டும்தான், குஞ்சு வளர்றதும் அங்கதான், முத்தின இலையில வளர்ந்த பூச்சி உக்காந்து சாறு குடிச்சு மாசக்கணக்குல உயிரோட இருக்கும் ஆனா துளிர் இல்லாம முட்டை போட முடியாது. 25ல இருந்து 28 டிகிரி வெப்பம்தான் அதுக்கு ரொம்ப வசதி, அந்த நேரத்துல முட்டை 4 நாளுக்குள்ள பொரிஞ்சிடும், குஞ்சுப் பருவம் 11ல இருந்து 15 நாள்ல முடிஞ்சிடும். குளிர் காலத்துல மொத்த சுற்றும் 47 நாள் வரைக்கும் இழுக்கும். ஒரு பெண் பூச்சி வாழ்நாள்ல 800 முட்டை வரைக்கும் போடும்னு ஆய்வகத்துல எண்ணியிருக்காங்க, அதனால ஒரு துளிர் பருவத்தை கவனிக்காம விட்டா அடுத்த துளிர்ல கணக்கே மாறிடும்.

அதனால துளிர் வரும்போது வாரம் ஒரு தடவை, துளிர் இல்லாத காலத்துல 2 வாரத்துக்கு ஒரு தடவைன்னு வெச்சுக்கோங்க. துளிர் இல்லாதப்போ தட்டி எண்ணுறது, துளிர் இருக்கறப்போ தட்டறதோட சேத்து லென்ஸ் வெச்சு துளிரையும் பாக்கறது.

தட்டி எண்ணுறது

இதுக்கு பெரிய கருவி எதுவும் வேணாம். ஏ4 அளவுல லேமினேட் பண்ண வெள்ளை அட்டை ஒண்ணு, ஒரு முழம் பிவிசி பைப் இல்லைனா குச்சி ஒண்ணு, நோட்டு, பென்சில். ஃபுளோரிடாவுல பெரிய பெரிய தோட்டங்களை எல்லாம் இந்த முறையிலதான் கணக்கெடுத்தாங்க.

மரத்தோட வெளிப்பக்க கிளை ஒண்ணை தேர்ந்தெடுங்க, தோள் உயரத்துல இருக்கறது. அட்டையை கிளைக்கு ஒரு அடி கீழ படுக்கையா பிடிங்க. குச்சியால கிளையை 3 தடவை சுள்ளுனு தட்டுங்க, இலையை இல்ல கிளையை. உடனே அட்டையை பாருங்க, உடனேன்னா உடனே, ஏன்னா சைலா விழுந்த ரெண்டு மூணு நொடியில துள்ளி பறந்திடும், நீங்க நோட்டை தேடுற நேரத்துல அட்டை காலியாயிடும். முதல்ல எண்ணுங்க, வாயால சொல்லிக்கோங்க, அப்புறம் எழுதுங்க. ரெண்டு பேரா போனா ஒருத்தர் தட்டி எண்ணி சொல்ல இன்னொருத்தர் எழுதலாம், வேலை பாதி நேரத்துல முடியும். அட்டையில சிலந்தி, பொறிவண்டு, குளவி எது விழுந்தாலும் அதையும் ஒரு பக்கம் குறிச்சுக்கோங்க, அந்த கணக்கு பின்னாடி உதவும்.

ஒரு பிளாக்குக்கு, அதாவது தோட்டத்தோட ஒரு பகுதிக்கு, 100 தட்டு எடுக்கறது நல்ல அளவு, 10 இடம், இடத்துக்கு 10 மரம், மரத்துக்கு ஒரு தட்டு. இடங்களை தேர்ந்தெடுக்கறப்போ ஒரு விஷயத்துல ஏமாறாதீங்க, வெளியில இருந்து வர்ற பூச்சி முதல்ல இறங்குறது தோட்டத்தோட ஓரத்துலதான், கடைசி வரிசை, பாதையோரம், காலி இடத்தை ஒட்டின மரம், புதுசா நட்டதால எப்பவும் துளிர் விட்டுட்டே இருக்கற கன்னு. அதனால 10 இடத்துல பாதிக்கு மேல ஓரத்துல இருக்கட்டும், மீதி நடுவுல. ஓரக் கணக்கையும் நடுக் கணக்கையும் தனித்தனியா எழுதுங்க, ரெண்டையும் கலந்து சராசரி போட்டா ஓரத்துல எரியற நெருப்பு நடுவுல இருக்கற சாம்பல்ல மறைஞ்சிடும்.

இலை ஈரமா இருக்கறப்போ தட்டாதீங்க, பூச்சி அட்டையில தண்ணியோட ஒட்டிக்கும், இல்லைனா கிளையை விட்டே விழாது. பலமா காத்து அடிக்கறப்பவும் வேணாம். ஒவ்வொரு தடவையும் ஒரே நேரத்துல போறது முக்கியம், ஒரு வாரம் விடியகாலைலயும் அடுத்த வாரம் மதியமும் போனா ரெண்டு கணக்கையும் ஒப்பிட முடியாது.

நோட்டுல தேதி, நேரம், வரிசை, மரம் நம்பர், எண்ணிக்கை, துளிர் நிலை, கடைசியா என்ன மருந்து எப்போ அடிச்சோம், இவ்வளவும் இருக்கட்டும். பூஜ்யம் வந்தாலும் பூஜ்யம்னு எழுதணும். இதை நான் அழுத்தி சொல்றேன், ஏன்னா நிறைய பேர் பூச்சி கிடைச்சா மட்டும் எழுதுறாங்க, அப்புறம் 100 தட்டுல 3 கிடைச்சுதா இல்ல 10 தட்டுல 3 கிடைச்சுதான்னே தெரியாம போயிடுது.

துளிர் பாக்கறது

மரத்தை சுத்தி நாலு பக்கமும் பக்கத்துக்கு ஒரு துளிர் எடுத்துக்கோங்க. பறிக்க வேண்டாம், வளைச்சு பிடிச்சு லென்ஸ்ல பாருங்க. இலை இன்னும் மடிஞ்சிருக்கற நுனியை நகத்தால மெதுவா பிரிச்சா உள்ள முட்டை கொத்தா இருக்கும். ஒவ்வொரு முட்டையையும் எண்ணி உக்காராதீங்க, முட்டை இருக்கு இல்ல, சின்னக் குஞ்சு இருக்கு இல்ல, பெரிய குஞ்சு இருக்கு இல்ல, இப்படி மூணு கேள்விக்கு பதில் போதும். பாத்த துளிர்ல எத்தனை சதவீதத்துல இருந்துச்சுங்கிறதுதான் உங்க எண்.

பெரிய குஞ்சுன்னா தனியா கவனிங்க. நோய் உள்ள மரத்துல குஞ்சா வளர்ந்து கிருமியை வாங்கின பூச்சிதான் வளர்ந்த பிறகு நல்லா பரப்புது, வளர்ந்ததுக்கு அப்புறம் கிருமியை வாங்குற பூச்சி அந்த அளவுக்கு பரப்புறதில்ல. உள்ள போன கிருமி பூச்சி உடம்புலயே பெருகி அது சாகுற வரைக்கும் கூடவே இருக்கும். அதனால துளிர்ல 4ஆம், 5ஆம் பருவ குஞ்சு இருக்குன்னா இன்னும் சில நாள்ல ரெக்கை முளைச்சு கிளம்பப் போற கூட்டம்னு அர்த்தம்.

மஞ்சள் ஒட்டும் அட்டையும் வைக்கலாம். ஓர மரங்கள்ல, வெயில் படற வெளிப்பக்கத்துல, ஒண்ணரை ரெண்டு மீட்டர் உயரத்துல தொங்க விட்டு 2 வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. பூச்சியே இல்லாத இடத்துக்கு புதுசா வந்திருக்கான்னு தெரிஞ்சுக்க நல்லது, எவ்வளவு இருக்குன்னு அளக்க தட்டறதுதான் நம்பகமானது.

வேலியில நிக்கற செடிகளையும் விட்டுடாதீங்க. கறிவேப்பிலையும், அழகுக்கு வளக்கற காட்டுக்கறிவேப்பிலை அதாவது வெள்ளைப்பூ பூக்கற முர்ராயாவும் இந்தப் பூச்சிக்கு ரொம்ப பிடிச்ச செடி. ஆய்வகங்கள்ல கிருமி இல்லாத சைலாவை வளக்கறதுக்கே கறிவேப்பிலை செடியைத்தான் பயன்படுத்தறாங்க, அவ்வளவு நல்லா வளரும். தோட்டத்துல துளிர் இல்லாத காலத்துல வேலியில துளிர் இருந்தா பூச்சி அங்க போய் காத்திருக்கும்.

நல்ல குளவியையும் எண்ணுங்க

இது எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. டாமரிக்ஸியா ரேடியேட்டான்னு ஒரு சின்னஞ்சிறு குளவி இருக்கு, 1922ல பிரிக்கப்படாத பஞ்சாப்ல இருந்த லயால்பூர்ல (இப்போ பாகிஸ்தான்ல இருக்கு) கிடைச்ச மாதிரியை வெச்சு விவரிச்சாங்க. பெண் குளவி சைலா குஞ்சுக்கு அடியில ஒரு முட்டை வெக்கும், அதுல வர்ற புழு குஞ்சோட சாறை வெளியில இருந்தே உறிஞ்சி வளரும். முட்டை வெக்கறது போக சில குஞ்சுகளை குளவியே குத்தி சாறு குடிச்சு கொல்லும், ரெண்டும் சேத்தா ஒரு குளவி 500 குஞ்சு வரைக்கும் தீர்க்கும். ரியூனியன் தீவுல 1970கள் கடைசியில கொண்டு போய் விட்டு சைலாவை நல்லா அடக்கினாங்க. கலிஃபோர்னியாவுக்கு பூச்சியியலாளர் மார்க் ஹாடிலோட குழு பாகிஸ்தான் பஞ்சாப்ல இருந்து கொண்டு போய் 2011 டிசம்பர்ல விட ஆரம்பிச்சாங்க.

உங்க தோட்டத்துல இருக்கான்னு எப்படி பாக்கறது? துளிர்ல நகராம பழுப்பா காஞ்சு இலையோட ஒட்டிக்கிட்ட குஞ்சோட தோலை லென்ஸ்ல பாருங்க. குளவி வெளிய வந்திருந்தா அந்தத் தோல்ல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும். ஓட்டை நெஞ்சுப் பக்கம் இருந்தா டாமரிக்ஸியா, வயித்துப் பக்கம் இருந்தா டயஃபோரென்சிர்ட்டஸ்ங்கிற இன்னொரு குளவி. இந்த ஓட்டை நிறைய தெரிஞ்சா கையில இருக்கற மருந்தை கீழ வெச்சுட்டு ஒரு நிமிஷம் யோசிங்க, எல்லாத்தையும் கொல்ற மருந்து அடிச்சா முதல்ல போறது குளவிதான். எறும்பையும் கட்டுப்படுத்துங்க, தேன் திரவத்துக்காக எறும்பு சைலா குஞ்சை காவல் காத்து குளவியை விரட்டும், எறும்பை குறைச்சா குளவி வேலை செய்ய வழி கிடைக்கும்.

டெஸ்ட்டுக்கு எடுத்து வைக்கறது

பூச்சியை பிசிஆர் டெஸ்ட், அதாவது கிருமியோட மரபணுவைத் தேடுற டெஸ்ட், பண்ணா மரம் காட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே கிருமி சுத்திட்டு இருக்கறது தெரியும், இதை ஃபுளோரிடாவுல 2008ல வந்த ஆய்வு காட்டுச்சு. தட்டி விழுந்த வளர்ந்த பூச்சியை உறிஞ்சு குழாய்ல பிடிச்சு 95 சதவீத எத்தனால் ஊத்தின சின்ன குப்பியில போடுங்க. லேபிளை பென்சில்ல எழுதி குப்பிக்குள்ளயே போடுங்க, பேனா மை எத்தனால்ல கரைஞ்சிடும், ஒரு தடவை என்கிட்ட 12 குப்பி எந்த மரத்துதுன்னே தெரியாம போச்சு. ஒரு இடத்துக்கு ஒரு குப்பி, கலக்காதீங்க. அனுப்பற வரைக்கும் ஃப்ரீசர்ல வைங்க. உயிரோட இருக்கற பூச்சியையோ துளிர் கிளையையோ தோட்டத்தை விட்டு வெளிய எடுத்துட்டு போகவே கூடாது, நோயை ஊர் ஊரா கொண்டு போனதுல நாற்றுக்கும் கிளைக்கும் பெரிய பங்கு இருக்கு.

ரிசல்ட் வந்தா ஒரு எச்சரிக்கை. ஒரு குப்பியில இருந்த பூச்சில கிருமி இல்லைன்னா அந்தப் பூச்சில இல்லைன்னுதான் அர்த்தம், தோட்டத்துல இல்லைன்னு இல்ல. இருக்குன்னு வந்தா அந்த இடத்தை சுத்தி இருக்கற மரங்களோட இலையை எடுத்து டெஸ்ட் பண்ணுங்க. இலையை தேர்ந்தெடுக்க ஒரு எளிய வழி, நடு நரம்போட ரெண்டு பக்கமும் எதிரெதிரா பேனாவால வட்டம் போட்டு ரெண்டு வட்டத்துக்குள்ள இருக்கற நிறத்தையும் ஒப்பிடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா அது ஜிங்க் மாதிரி நுண்ணூட்டக் குறைபாடா இருக்க வாய்ப்பு அதிகம், ஒரு பக்கம் மஞ்சள் திட்டு இன்னொரு பக்கம் பச்சைன்னு தாறுமாறா இருந்தா சந்தேகப்படுங்க. பழம் கோணலா, விதை சுருங்கி, அடிப்பக்கம் பச்சையாவே நின்னா சந்தேகம் இன்னும் வலுக்கும்.

எண்ணிக்கையை வெச்சு என்ன செய்யறது

100 தட்டுல 20 பூச்சின்னா தட்டுக்கு 0.2. ஃபுளோரிடாவுல நோய் ஏற்கனவே நிறைய பரவின பெரிய மரங்கள்ல 0.2 மாதிரி அளவுகளை வெச்சு எப்போ மருந்து அடிச்சா கட்டுப்படியாகும்னு சோதிச்சிருக்காங்க. அந்த அளவை அப்படியே தூக்கி உங்க தோட்டத்துல வெக்காதீங்க, நோயே இல்லாத இடத்துலயும் இளங்கன்னுலயும் ஒரு பூச்சியே அதிகம். ஒரே ஒரு எண்ணிக்கையை விட போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் நடுவுல எப்படி ஏறுது இறங்குதுங்கறதுதான் நிறைய சொல்லும்.

மருந்து அடிக்கணும்னு முடிவு பண்ணா துளிர் வெடிக்கறதுக்கு முன்னாடி, வளர்ந்த பூச்சி மட்டும் இருக்கற ஓய்வு காலத்துல அடிக்கறதுதான் ரொம்ப பலன் தரும், அப்போ மடிப்புக்குள்ள ஒளிஞ்சிக்க முட்டையும் குஞ்சும் இருக்காது, குளவியும் குறைவா இருக்கும். ஒரே வகை மருந்தை திரும்பத் திரும்ப அடிச்சா பூச்சிக்கு எதிர்ப்பு வந்திடும், அதனால செயல்படற விதம் வேற வேறயா இருக்கற மருந்துகளை மாத்தி மாத்தி, லேபிள்ல சொன்ன பயிருக்கு சொன்ன அளவுல மட்டும் அடிங்க. பூத்திருக்கறப்போ வேணாம், தேனீ சாகும். அடிச்ச ஒரு வாரம் கழிச்சு அதே மரங்கள்ல திரும்ப தட்டிப் பாருங்க, மருந்து வேலை செஞ்சுதான்னு உங்க நோட்டுதான் சொல்லணும்.

இன்னொண்ணு, இந்தப் பூச்சி 12 நாள்ல 2 கிலோமீட்டர் வரைக்கும் போறதை அளந்திருக்காங்க, வேலி அதுக்கு ஒரு தடையே இல்ல. பக்கத்து தோட்டத்துக்காரங்ககிட்ட உங்க கணக்கை காட்டி ஒரே வாரத்துல எல்லாரும் அடிக்கற மாதிரி பேசிக்கோங்க, தனித்தனியா அடிச்சா பூச்சி இடம் மாறி உக்காந்துட்டு திரும்ப வரும்.

டெஸ்ட்ல நோய் உறுதியான மரத்தை எடுக்கறதுன்னு ஆச்சுன்னா கோடாலியை எடுக்கறதுக்கு முன்னாடி அந்த மரத்துக்கும் சுத்தி உள்ள மரங்களுக்கும் மருந்து அடிச்சிடுங்க. அடிக்காம வெட்டினா அதுல உக்காந்திருக்கற பூச்சி எல்லாம் கிளை விழற அதிர்ச்சியில எழும்பி பக்கத்து மரத்துக்கு போயிடும். வெட்டினதோட விடாம அடிக்கட்டையையும் வேரோட எடுங்க, இல்லைனா கட்டையில இருந்து நோயோட புதுத் துளிர் கிளம்பும், சைலா தேடி வர்றது அந்த துளிரைத்தான்.